ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ்போர்ட்டில் 1939இல் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் ஊர்ச் சிறுவர்களைக் கொண்டு மூன்று பேஸ்பால் அணிகளைச் சேர்த்தார். ஒரு பால் நிறுவனமும் ஒரு மரக்கடையும் ஒரு தின்பண்ட நிறுவனமும் செலவுக்குக் கைகொடுத்தன. பெரியவர்களின் மைதானத்தைச் சிறுவர்களின் கால்களுக்கும் கைகளுக்கும் ஏற்றபடி சுருக்கியதுதான் ஸ்டாட்ஸ் செய்த பெரிய காரியம். லிட்டில் லீக் பிறந்தது அப்படித்தான். 1950களில் அதற்கென ஓர் உறுதிமொழியும் எழுதப்பட்டது. கடவுள் நம்பிக்கையில் தொடங்கி, நாட்டுப்பற்று, சட்டத்துக்கு மரியாதை, நேர்மையான ஆட்டம் என்று போய், வெற்றி தோல்வியைக் கருதாத முழு முயற்சியில் முடியும் உறுதிமொழி அது.

அந்த வரிசையை நம்பி மூன்று தலைமுறை அமெரிக்கத் தகப்பன்மார் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். வேலை முடிந்து வந்ததும் கொல்லைப்புறத்தில் மகனோடு பந்து எறிந்து பிடிப்பது, சம்பளமில்லாத கோச்சாக ஊர் அணிக்கு நிற்பது, ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி ஜெபிப்பது, ஞாயிறு காலை அதே பிள்ளைகளைச் சபைக்கு அழைத்துப் போவது எல்லாம் சேர்ந்து அங்கே ஒரு வளர்ப்பு முறையாகவே ஆகிவிட்டன. ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ (1989) படத்தின் முடிவில் இறந்துபோன தகப்பனும் வளர்ந்துவிட்ட மகனும் பந்து எறிந்து பிடிக்கும் காட்சியில் ஒரு தேசத்து ஆண்கள் கண்கலங்கியது இந்தப் பின்னணியில்தான். நானும் ஒரு தகப்பன், விசுவாசி. இந்த முறையில் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. உறுதிமொழியில் உள்ள வரிசை மைதானத்தில் தலைகீழாகிவிடுகிறதோ என்ற கவலையும் அதே அளவுக்கு உண்டு.

மரியாதைக்கான காரணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலைப் போலத் தோல்வியை வெளிச்சத்தில் நிறுத்தும் குழு ஆட்டம் வேறில்லை. பேட்டைப் பிடித்து நிற்கும் பிள்ளை அந்த நேரத்தில் தன்னந்தனி. டெட் வில்லியம்ஸ் 1941இல் .406 என்ற சராசரி வைத்திருந்தார். பத்துக்கு நான்கு முறை வெற்றி என்று பொருள். அதற்குப் பிறகு அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ ஒரு பருவம் முழுக்க .400ஐத் தொட்டவர் எவருமில்லை. அப்பேர்ப்பட்டவரே பத்தில் ஆறு முறை தலைகுனிந்து திரும்பியிருக்கிறார். பந்தைத் தவறவிட்டால் ‘எர்ரர்’ என்று ஸ்கோர் பலகையிலேயே ஏறும், ரன்னுக்குப் பக்கத்தில், ஊர் பார்க்க. ஒன்பது வயதுப் பிள்ளை அந்த அவமானத்தோடு அடுத்த பந்துக்கு மீண்டும் குனிந்து நிற்கப் பழகுகிறது என்றால் அது சின்ன விஷயமில்லை. தோற்றபின் எழுந்து நிற்பதைப் பிரசங்கத்தால் கற்றுத்தர முடியாது. தோற்பதற்கு ஓர் இடம் வேண்டும், பார்த்துக்கொண்டிருக்க அன்புள்ள கண்கள் வேண்டும்.

விதிப்புத்தகத்திலேயே ஒரு கனிவான இடமும் உண்டு. முன்னால் நிற்கும் சக ஆட்டக்காரனை அடுத்த பேஸுக்கு நகர்த்துவதற்காகப் பந்தை மெல்லத் தட்டிவிட்டு, தான் அவுட் ஆகும் ஆட்டத்துக்குத் ‘தியாகம்’ என்றே பெயர். அப்படி அவுட் ஆனால் அது சராசரியைக் குறைக்காது. அம்பயரின் தீர்ப்பு தவறென்று தெரிந்தும் முகம் சுளிக்காமல் உட்காரப் போவதும் இப்படி ஒரு பயிற்சிதான். மனிதர் நடத்தும் எந்த நீதியும் குறையுள்ளது, ஆனாலும் அதற்குக் கட்டுப்பட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்பதைப் பதின்ம வயதுக்கு முன்பே பிள்ளை கற்றுக்கொள்கிறது.

விளையாட்டால் விசுவாசத்தை ஊட்டலாம் என்ற எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உடல் வலிமையையும் கிறிஸ்தவ ஒழுக்கத்தையும் இணைத்துப் பேசிய இயக்கத்திலிருந்து வந்தது அது. ஒய்.எம்.சி.ஏ. அதன் கருவி. 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் அதே மரத்தின் கிளை. நம் பள்ளி ‘பி.டி. மாஸ்டர்’களில் பல தலைமுறையினர் அங்கே பயின்றவர்கள்.

ஆனால் இந்த மரபுக்குள் ஒரு முரண்பாடு முதலிலிருந்தே இருக்கிறது. அதைப் பேசாமல் இதன் நன்மை தீமைகளை எடைபோட முடியாது.

பேஸ்பால் தகுதியின் கணக்கு. ஒவ்வொரு பந்தும் பதிவாகும், ஒவ்வொரு பிள்ளைக்கும் எண்கள் உண்டு, எண்கள் நன்றாக இருப்பவனுக்கு நல்ல இடம். கிறிஸ்தவம், குறைந்தபட்சம் பவுலின் நிருபங்களை வாசித்து வளர்ந்த எங்கள் கிறிஸ்தவம், அதற்கு நேரெதிர்: அங்கே அன்பு கிருபையாக வருகிறது, சம்பாதித்து வருவதில்லை. சுவிசேஷத்தில் இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது, இவர் என் நேச குமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன் என்ற பொருளில் பரலோகத்திலிருந்து குரல் வந்ததாக மத்தேயு எழுதுகிறார். அதுவரை அவர் ஒரு அற்புதமும் செய்ததாக அந்தச் சுவிசேஷத்தில் இல்லை; பிரசங்கமும் தொடங்கவில்லை. தகப்பனின் பிரியம் முதலில் வந்தது, வேலை பிறகு வந்தது. கெட்ட குமாரன் உவமையிலும் மகன் மனப்பாடம் செய்துவந்த மன்னிப்பை முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான்.

இப்போது சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் காரை நினைத்துப் பாருங்கள். மகன் இரண்டு முறை ஸ்ட்ரைக்-அவுட் ஆகியிருக்கிறான். தகப்பன் திட்டவில்லை. முழங்கை தாழ்ந்ததைப் பற்றி, மூன்றாவது பந்தை விட்டிருக்க வேண்டியதைப் பற்றிப் பரிவோடுதான் பேசுகிறான். அவன் வாய் கிருபையை அறியும். ஆனால் அந்தக் காருக்குள் ஓடிக்கொண்டிருப்பது ஸ்கோர் கணக்கு. நன்றாக ஆடிய நாளில் பேச்சு பெருகுகிறது, வழியில் ஐஸ்கிரீம் கடையில் வண்டி நிற்கிறது. மோசமாக ஆடிய நாளில் அறிவுரையோ மௌனமோ. பிள்ளைகள் இந்த வித்தியாசத்தை எந்த ஓய்வுநாள் பள்ளிப் பாடத்தையும்விட நன்றாகப் படித்துவிடுவார்கள். தேவன் நிபந்தனையில்லாமல் நேசிக்கிறார் என்று ஞாயிறன்று சொல்லும் அதே மனிதனின் நேசம் சனிக்கிழமையில் ஏறி இறங்குவதைப் பார்க்கும் பிள்ளை, எதை நம்பும்?

இது கற்பனைப் பயம் இல்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் வீரர் ஜிம்மி பியர்சால் 1952இல் மனம் உடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1955இல் வெளியான அவருடைய தன்வரலாறு தகப்பனின் எதிர்பார்ப்புச் சுமையைப் பற்றிப் பேசியது. 1957இல் வந்த திரைப்படம் அந்தத் தகப்பனையே நோயின் காரணமாக்கியபோது, அது மிகை என்று பியர்சாலே ஒதுக்கினார். அவர் ஒதுக்கியது நியாயம் என்றே எனக்கும் படுகிறது. மனநோயை ஒரு தகப்பனின் தலையில் கட்டுவது எளிது, உண்மையோ அவ்வளவு எளிதில்லை. ஆயினும் படம் பார்த்தவர்கள் தங்கள் வீட்டை அதில் கண்டுகொண்டார்கள் என்பதும் உண்மை.

2001இல் லிட்டில் லீக் உலகத் தொடரில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி அணிக்காக எதிரணியைத் திணறடித்த பிட்சருக்குப் பன்னிரண்டு வயது என்று எல்லோரும் நம்பினார்கள். அவனுக்குப் பதினான்கு என்றும், பிறப்புச் சான்று திருத்தப்பட்டது என்றும் பிறகு தெரியவந்தது. அணியின் வெற்றிகள் நீக்கப்பட்டன. அந்தப் பையனின் தகப்பன் குற்றவாளியாகப் பேசப்பட்டார். பையனின் மேல் பெரும்பாலோர் இரங்கினார்கள். பெரியவர்களின் ஆசையைச் சுமந்து எறிந்த கை அது.

கை என்றதும் சொல்லியாக வேண்டும். முழங்கைத் தசைநார் அறுந்தால் வேறோர் இடத்திலிருந்து தசைநார் எடுத்துப் பொருத்தும் அறுவையை 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்தார். நோயாளியின் பெயரால் அது டாமி ஜான் அறுவை ஆயிற்று. தேர்ந்த தொழில்முறை வீரருக்கென வந்த சிகிச்சை. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் இந்த அறுவை செய்துகொண்டோரை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டோர் 15 முதல் 19 வயதுக்குள் இருந்தார்கள். லிட்டில் லீக் 2007இல் பந்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது. இப்போதைய விதிப்படி 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியக்கூடாது, 66ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. நல்ல விதி. ஆனால் அதே பிள்ளை ஊர் அணியிலும் ஆடி, வார இறுதியில் ‘டிராவல்’ அணிக்காகவும் வேறு ஊரில் எறிந்தால் இரண்டையும் கூட்டிப் பார்க்கும் அதிகாரி எவருமில்லை. முழுக் கணக்கும் ஒரே ஓர் ஆளிடம்தான் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் கார் ஓட்டிய தகப்பன் அவன். அவனுடைய விசுவாசத்துக்கு வேலை இருக்கும் இடம் இது. உடல் தேவனுடைய ஆலயம் என்று கற்றுத்தருபவன், இறுதி ஆட்டத்தில் மகனைப் பிட்சர் மேட்டிலிருந்து இறக்கும்படி கோச்சிடம் போய்ச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் தந்த அறிவுரையும் அதே திசையில்தான்: 15, 16 வயது வரை ஒரே விளையாட்டில் குறுகாதிருங்கள், வாரத்தில் ஓரிரு நாளும் ஆண்டில் மொத்தம் மூன்று மாதமும் ஓய்வு கொடுங்கள். ஓய்வுநாளைப் பத்துக் கட்டளைகளில் ஒன்றாக வைத்திருக்கும் மதத்தார் இதை மருத்துவர்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள நேர்ந்தது வருத்தத்துக்குரியது.

இனி ஞாயிறு. ஒரு காலத்தில் இது சட்டமாகவே இருந்தது. பென்சில்வேனியாவில் ஞாயிறு ஆட்டத் தடை 1933 வரை நீடித்தது. பிலடெல்பியாவின் பெரிய லீக் அணிகள் 1934இல்தான் சொந்த ஊரில் சட்டப்படி ஞாயிறு ஆட்டம் ஆடின. அந்தச் சட்டம் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விசுவாசத்தைப் போலீஸ் காக்கத் தேவையில்லை. ஆனால் சட்டம் போனபின் அந்த முடிவு ஒவ்வொரு தகப்பன் கையிலும் வந்து விழுந்தது. டிராவல் போட்டிகளின் அமைப்பு பெரும்பாலும் இதுதான்: சனிக்கிழமை குழுச் சுற்று, ஞாயிறு வெளியேற்றச் சுற்று. நன்றாக ஆடும் அணிக்குத்தான் ஞாயிறு முழுக்கப் போகும். ஆகவே பிள்ளையின் திறமை வளர வளர அவன் ஆராதனையில் இருக்கும் நாட்கள் குறைகின்றன. ஏப்ரலில் ஒரு வாரம், மே மாதத்தில் மூன்று வாரம், பிறகு கோடை முழுவதும். மைதானத்திலேயே காலையில் பதினைந்து நிமிடம் வேதம் வாசித்து ஜெபித்துவிட்டு ஆடத் தொடங்கும் அணிகள் உண்டு. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் விதவைப் பாட்டி இல்லை, சக்கர நாற்காலியில் வரும் பெரியவர் இல்லை, பேஸ்பால் தெரியாத பிள்ளை இல்லை. ஒரே வயது, ஒரே திறமை, ஏறத்தாழ ஒரே வருமானம் கொண்டவர்களின் கூட்டம் அது. சபை என்பதன் முக்கியமான குணமே அதில் விடுபட்டுப்போகிறது.

இந்த இடத்தில் கிறிஸ்தவத் தகப்பன்மாரும் சாண்டி கூஃபாக்ஸைப் பற்றிப் பேசுவார்கள். யூதப் பிட்சரான அவர் 1965 உலகத் தொடரின் முதல் ஆட்டம் யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூரில் வந்ததால் எறிய மறுத்தார். கதையை அநேகர் சொல்லும் விதம் எனக்கு உறுத்தல். ஏழாவது ஆட்டத்தில், இரண்டு நாள் ஓய்வோடு வந்து, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் அவர் தன் அணியான டாட்ஜர்ஸை வெல்ல வைத்தார் என்று முடிப்பார்கள். கடவுளைக் கனம்பண்ணினார், கடவுள் கைம்மாறு செய்தார் என்பது போல. முதல் ஆட்டத்தில் அவருக்குப் பதில் எறிந்த டான் டிரைஸ்டேல் தோற்றார். மறுநாள் கூஃபாக்ஸும் தோற்றார். அன்றைக்குத் தொடர் அதோடு போயிருந்தாலும் அவர் செய்தது சரியாகவே இருந்திருக்கும். அதைப் பிள்ளைக்குச் சொல்லாவிட்டால் கதையின் சாரம் போய்விடுகிறது. ‘எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு’ என்னும் பிலிப்பியர் 4:13ஐக் கைப்பட்டையிலும் பேட்டிலும் எழுதிக்கொள்ளும் வழக்கத்திலும் இதே கோளாறுதான். பவுல் அதை எழுதியது சிறையிலிருந்து, பசியிலும் குறைவிலும் மனநிறைவோடிருக்கப் பழகியதைப் பற்றி. ஹோம் ரன் அடிக்கும் பலத்தைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

இந்தத் துறையில் அதிகம் கொண்டாடப்படும் குரல் மைக் மாத்தனியுடையது. கேட்ச்சராக நான்கு முறை கோல்டு குளோவ் பெற்றவர், தலையில் பட்ட அடிகளால் ஆட்டத்தை விட்டவர், வெளிப்படையான கிறிஸ்தவர். செயின்ட் லூயிஸ் பகுதியில் சிறுவர் அணி ஒன்றுக்குக் கோச்சாக இருக்கக் கேட்டபோது பெற்றோருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அது நாடெங்கும் பரவி, 2015இல் நூலாகவும் விரிந்தது. சிறுவர் பேஸ்பாலின் பெரிய பிரச்சினை பெற்றோர்தான் என்று அவர் நேரடியாகச் சொன்னார். கேலரியிலிருந்து கத்தாதீர்கள், அம்பயரைத் திட்டாதீர்கள், மௌனமாக இருந்து ஆதரவு தாருங்கள் என்பது சாரம். ஆட்டத்தைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்த கடிதம் என்று அதை மதிக்கிறேன். காரில் ஓடும் அந்த ஸ்கோர் கணக்கை நிறுத்தவும் இதைவிட நல்ல மருந்தை நான் கண்டதில்லை.

ஆனாலும் அந்த மௌனம் ஒரு நல்ல கோச்சை முன்னிட்டது. கோச் நல்லவராக இல்லாவிட்டால்? விசுவாசச் சூழலில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அணியின் கோச்சே சபையின் இளைஞர் ஊழியராகவும் இருக்கும் ஊர்களில், யார் ஆடுவது என்பதையும் யார் நல்ல பிள்ளை என்பதையும் ஒருவரே தீர்மானிக்கிறார். பிள்ளைக்கு ஒரு தவறு நடந்தால் முறையிட வேறு வாசல் இல்லை. தெற்கு பாப்டிஸ்ட் சபைகளில் பாலியல் முறைகேட்டுப் புகார்கள் ஆண்டுக்கணக்கில் ஒதுக்கப்பட்டதை 2022இல் வெளியான விசாரணை அறிக்கை காட்டியது. ஆகவே கத்தாத தகப்பன் வேண்டும், கண்ணை எடுக்காத தகப்பனும் வேண்டும்.

ஜெபத்தின் விஷயத்திலும் அதிகாரமே சிக்கல். வாஷிங்டன் மாநிலத்தில் பொதுப்பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துக் கோச் ஒருவர் ஆட்டம் முடிந்து மைதான நடுவில் ஜெபித்த வழக்கில், 2022இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் ஆவணங்களில் ஒரு தகப்பனின் குரலும் இருக்கிறது: நாத்திகனான தன் மகன், ஜெபத்தில் சேராவிட்டால் ஆட வாய்ப்புக் குறையும் என்று பயந்து சேர்ந்தான் என்கிறார் அவர். தீர்ப்பு எப்படியிருந்தாலும் அந்தப் பயம் உண்மை. வாய்ப்புக்காக முழங்கால் போடும் பிள்ளைக்கு நாம் விசுவாசத்தைக் கொடுக்கவில்லை, நடிப்பைக் கொடுத்திருக்கிறோம். இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் இன்று அந்த அணிகளில் ஆடுகிறார்கள். தங்கள் மதம் சிறுபான்மையாக உள்ள நாட்டில் வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பிள்ளையின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது தெரியும்.

பணத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கல்லூரி உதவித்தொகைக்காகத்தான் இவ்வளவும் என்பவர்களுக்கு ஒரு கணக்குப் போதும்: அண்மைக் காலம்வரை முதல்நிலைக் கல்லூரி அணி ஒன்றுக்கு மொத்தம் 11.7 பேஸ்பால் உதவித்தொகைகளே அனுமதிக்கப்பட்டன. அதையும் இருபதுக்கு மேற்பட்ட வீரர்களுக்குப் பிய்த்துக் கொடுத்தார்கள்.

பணம் இன்னொரு விதத்தில்தான் என்னை வருத்துகிறது. இந்த முறை முழுவதும், நேரமும் காரும் உள்ள ஒரு தகப்பன் வீட்டில் இருக்கிறான் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. ஆனால் பேஸ்பாலும் விசுவாசமும் சேர்ந்து உருவாக்கிய மிகப் பெரிய மனிதருக்கு அப்படி ஒரு தகப்பன் இல்லை. பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் மேலி ஐந்து பிள்ளைகளோடு ஜார்ஜியாவிலிருந்து கலிபோர்னியாவின் பாசடீனாவுக்கு வந்து வீட்டுவேலை செய்து வளர்த்தார். தெருக் கும்பலோடு சுற்றிய ஜாக்கியைத் தேடிப் பிடித்தவர் கார்ல் டவுன்ஸ் என்ற இளம் மெதடிஸ்ட் போதகர். ஆலயத்தில் விளையாட்டுக்கும் நடனத்துக்கும் இடம் கொடுத்தவர். மூத்த அங்கத்தினர் சிலரின் முணுமுணுப்பைப் பொறுத்துக்கொண்டவர். அவருடைய சபையில்தான் ராபின்சன் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரானார். சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆடி உடம்பு முழுக்க வலித்தாலும் ஞாயிறு காலை எழுந்து போனார்.

1945இல் புரூக்ளின் டாட்ஜர்ஸின் பிராஞ்ச் ரிக்கி அவரை ஒப்பந்தம் செய்ய அழைத்து, நிறவெறி வசைகளுக்குத் திருப்பி அடிக்காமல் நிற்க முடியுமா என்று கேட்டபோது மறுகன்னத்தைக் காட்டும் போதனையை எடுத்துப் பேசினார். ரிக்கியும் மெதடிஸ்ட். தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி ஞாயிறு ஆட்டத்துக்கு மைதானத்துக்கே போகாதவர். அதற்காக 1904இல் சின்சினாட்டி அணி அவரைக் கைவிட்டது. அவர் நிர்வகித்த அணிகள் ஞாயிறு ஆடி வசூலித்ததை எதிரிகள் சுட்டிக்காட்டினார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்த அறையில் ரிக்கி கேட்டதைத் தாங்கும் பலம் ராபின்சனுக்குள் ஏற்கனவே இருந்தது. பாசடீனாவில் அதை ஊன்றியவர்கள் ஒரு தாயும் ஒரு போதகரும்.

இன்று டிராவல் அணிகள் வசதியுள்ள பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போக, ஊர் லீக்குகள் மெலிகின்றன. பெரிய லீக் வீரர்களில் கறுப்பின அமெரிக்கர் 2024இல் ஏறத்தாழ 6 சதவீதம்தான். 1989இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜான் யங் தொடங்கிய திட்டம் நகர்ப்புறப் பிள்ளைகளுக்கு மைதானமும் கோச்சும் தர முயல்கிறது. சபைகளோ கார் வைத்திருக்கும் குடும்பங்களைத் துரத்திக்கொண்டு போட்டி மைதானங்களுக்கு ஆராதனையைக் கொண்டுபோகின்றன. அவற்றிடம் காலி நிலம் இருக்கிறது, வேன் இருக்கிறது, பந்து எறியத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆண்கள் இருக்கிறார்கள். தன் மகனுக்குக் கோச்சாக நிற்கும் விசுவாசியிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த பருவத்துக்குப் பெயர் பதிவு செய்யும்போது, தகப்பன் கூட வராத ஒரு பிள்ளையின் பெயரையும் தெருவில் விசாரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ஒரு கிளவ் வாங்கிக் கொடுங்கள், உங்கள் மகனோடு அதே காரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.